மச்சா தேநீர்ச் செட்: மட்டக்களப்பு வீட்டுக்குச் சரிவருமா?

ஜப்பானில் நண்பர் வீட்டில் தங்கி வருபவர்கள் ஆசையாக வாங்கிவரும் செட் இது. மச்சா என்பது மாவாக அரைத்த பச்சைத் தேயிலைத் தூள், அதைக் கிண்ணத்தில் நீர்விட்டு நுரைக்க அடித்துக் குடிப்பார்கள். இதில் முக்கியமானது மூங்கில் அடிப்பான், சாசென். நாரா மாநிலத்துத் தகயாமாவில் செய்ததென்றால் தயங்காமல் வாங்கலாம்.

அடிக்க முன் இளஞ்சூட்டு நீரில் ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்தபடி அடித்தால் நுனி முறியும். 2 கிராம் தூளை அரித்தே போடுங்கள், இல்லாவிட்டால் கட்டி கரையாது. கொதித்த நீரை 80 பாகைக்கு ஆறவிட்டு 70 மில்லிலீற்றர் ஊற்றி, மணிக்கட்டால் முன்னும் பின்னும் வேகமாக அடியுங்கள். வட்டமாகக் கலக்கினால் நுரை எழாது. கொதிநீர் கசப்பைக் கூட்டும். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் பெரிய எதிரி ஈரம்தான். மாரியில் அடிப்பானை டப்பாவுக்குள் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சவர்க்காரம் போடாமல் அலசி, நிழலில் காற்றுப்பட வையுங்கள். தூளை இறுக மூடிப் பிரிட்ஜில் வைக்கலாம். எடுத்தவுடன் திறந்தால் நீர் கோத்துக் கட்டியாகும், குளிர் தணிந்த பின் திறவுங்கள்.

முதலில் இனிப்பு, பிறகு தேநீர். அதுதான் அங்குள்ள முறை. இங்கே ஒரு துண்டுத் தொதல் அருமையாகப் பொருந்தும். கிண்ணத்துக்குள் மட்டும் சீனி போடாதீர்கள்.