சிவப்புப் பளபளப்பு: மைக்காவா, அக்ரிலிக்கா, பி.யு.வா?

கோவை, திருப்பூர் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களில் பலர் ஹாலில் ஒரு பொருளாவது கண்ணைப் பறிக்கிற சிவப்பில் வேண்டும் என்று கேட்கிறார்கள். டி.வி. யூனிட், கிராக்கரி அலமாரி, வாசலோரம் ஒரு கன்சோல் மேசை. சிலருக்குக் கிச்சன் முழுக்கவே சிவப்பு. கடையில் நீட்டும் மாதிரித் துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னும். வீட்டுக்கு வந்து ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஆடிக் காற்றும் பார்த்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். அதனால் நம் ஊர் வெயில், புழுதி, போர் தண்ணீர் இந்த மூன்றையும் வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்தப் பளபளப்புக்குக் கடைகளில் லேக்கர் ஃபினிஷ் என்று பெயர்; முதலில் அதைத் தெளிவாக்கிவிடலாம். சீனா, ஜப்பான் நாட்டு அசல் லேக்கர் என்பது ஒரு மரத்தின் பால். ஈரப்பதம் நிறைந்த காற்றில்தான் அது இறுகும். சிவப்புக்குச் சாதிலிங்கம் கலந்து, பூச்சு மேல் பூச்சாக ஏற்றுவார்கள். நம் கடைகளில் லேக்கர் ஃபினிஷ் என்று சொல்வது அதில்லை. அந்தத் தோற்றத்தைப் பெயிண்டிலோ ஷீட்டிலோ கொண்டுவருகிறார்கள், அவ்வளவுதான். பெயிண்ட் வழியைத் தொடங்கி வைத்தது 1923-இல் டூபான்ட் கம்பெனி காருக்காகக் கொண்டுவந்த டூகோ. இன்றும் பல பட்டறைகளில் ஸ்ப்ரே அடிக்கிற எதற்கும் டூகோ என்றுதான் பெயர். கொட்டேஷனில் வெறும் 'டூகோ' என்று எழுதியிருந்தால், உள்ளே போவது என்.சி.யா (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) பி.யு.வா (பாலியூரித்தேன் பெயிண்ட்) என்று கேட்டு எழுதி வாங்குங்கள். என்.சி. சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் தின்னர் பட்டால் கரையும், நாளாக ஆக மஞ்சளடிக்கும்.

ஹை கிளாஸ் மைக்காதான் எல்லாவற்றிலும் மலிவு. 8 அடிக்கு 4 அடி ஷீட், 1 மி.மீ. கனம், ஆசாரி வீட்டிலேயே ஒட்டிவிடுவார். சிவப்புக்கு மட்டும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கதவைத் திறந்து ஓரத்தைப் பாருங்கள்: ஷீட்டின் நடுப்பகுதி பழுப்புக் காகிதம். சிவப்புக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்புக் கோடு எல்லா மூலையிலும் தெரியும். துடைக்கத் துடைக்க மெல்லிய கீறல் விழும். அதை எடுக்கவும் வழியில்லை. வெள்ளையில் கண்ணுக்குப் படாத கீறல், சிவப்பில் விளக்கைப் போட்டதும் காட்டிக்கொடுக்கும்.

அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் ஷீட் அதைவிட மேல். நிறத்துக்கு ஓர் ஆழம் இருக்கும், முகம் பார்க்கலாம். ஃபேக்டரியில் பிரஸ் செய்து, ஓரத்தை மூடும் பட்டை (எட்ஜ் பேண்டிங்) ஒட்டி வரும் பலகையாக வாங்கினால் பரப்பு சமமாக இருக்கும். லேசான கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். கிச்சன் ஷட்டருக்கு, அதாவது அலமாரிக் கதவுக்கு, எனக்கு இதுதான் பிடிக்கும். ஒன்று கெட்டால் அந்த ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், தட்டையான பலகைக்குத்தான் இது சரிப்படும். வளைவு, செதுக்கிய கால், உருட்டிய ஓரம் எதுவும் நடக்காது. தின்னர், ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் நுண்ணிய வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

அடுப்புக்குப் பின்சுவரில் பின்பக்கம் நிறம் பூசிய கண்ணாடி போடலாம். எண்ணெய், மஞ்சள் எதுவும் ஏறாது. ஷட்டருக்குப் போட்டால் கனம் அதிகம், கீல் சீக்கிரம் தொங்கும்.

இனி பி.யு. பற்றி. லேக்கர் என்று மனதில் நினைக்கிற அந்த நிறைவு, ஓரமே தெரியாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பாக வழிகிற தோற்றம், இதில்தான் வரும். ஆனால் நீங்கள் கொடுக்கிற காசு பெயிண்டுக்கு இல்லை, தேய்ப்புக்கு. எம்.டி.எஃப். என்கிற, மர நாரை அழுத்திச் செய்த பலகையின் வெட்டிய ஓரம் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டே போகும்; அதை முதலில் சீலர் வைத்து அடைக்க வேண்டும். அப்புறம் பட்டி, பிரைமர், ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தேய்ப்பு. கடைசியில் 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெஷினில் பஃபிங். இதில் எந்தப் படியை விட்டாலும் சிவப்பு அதை மறைக்காது. வேலையை ஏற்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: பலகையை ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, ஒரு முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். விளக்கின் கோடு நேராக ஓடினால் தேய்ப்பு சரி. நெளிந்தால் பட்டி மேடு பள்ளமாக இருக்கிறது. கோட்டின் விளிம்பு பொரிப்பொரியாகத் தெரிந்தால் ஸ்ப்ரே சரியாகப் பரவவில்லை, பஃபிங்கும் நடக்கவில்லை.

எங்கே, எப்போது அடிக்கிறார்கள் என்பதும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று புழுதியை எந்தச் சந்திலும் கொண்டுவந்து போடும். திருப்பூர், பல்லடம் பக்கம் என்றால் கூடவே பஞ்சு. ஒரு பெயிண்டர் என்னிடம் சொன்னது: "ஆடி போகட்டுங்க, இல்லீனா ரூம் இருக்கற பட்டறைல குடுங்க. தெறந்த எடத்துல அடிச்சா ராத்திரிக்குள்ள மேலெல்லாம் புழுதி ஒட்டிக்கும்ங்க." சரியான பேச்சு. குடியிருக்கிற வீட்டுக்குள் அடிக்கவே விடாதீர்கள். பி.யு.வை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். அடிக்கிறவர் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றால், வேலையை நிறுத்தி வடிகட்டி வைத்த மாஸ்க் போடச் சொல்லுங்கள். நம் வீட்டு அழகுக்காக இன்னொருவர் மூச்சு கெடக்கூடாது.

விலையில் நல்ல அக்ரிலிக்கும் நல்ல பி.யு.வும் பல இடங்களில் பக்கம் பக்கமாக வரும். என் முடிவு இது: கிச்சனுக்கு அக்ரிலிக், ஹாலில் நிற்கிற ஒரே ஒரு பொருளுக்கு பி.யு. பூச்சு. அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் தரை, பளபளக்கும் சிவப்பு அலமாரி, பளபளக்கும் சோபா எல்லாம் ஒரே அறையில் இருந்தால் கண் எங்கும் நிற்காது. சிவப்புக்குப் பக்கத்தில் மங்கலான பரப்பு வேண்டும்: கடப்பாக் கல், மெழுகு போட்ட தேக்கு, நீலமும் பச்சையும் ஓடும் பவானி ஜமக்காளம். பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் காவித் தரைமேல் பளீர்ச் சிவப்பை நிறுத்த வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று அமுக்கும். அங்கே அரக்குச் சிவப்பு, அதுவும் சுவரோரம்.

அந்தக் காவித் தரை இத்தனை வருஷமாக வெளுக்காததற்குக் காரணம் அதில் இருப்பது இரும்பு ஆக்சைடு. பளீர்ச் சிவப்புப் பெயிண்டில் பெரும்பாலும் இருப்பது கரிம நிறமி. வெயில் படப்பட வெளுக்கும். மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைத்தால், பூச்சாடி நின்ற இடம் மட்டும் வட்டமாக அடர்ந்து தெரியும். வெயில் படுகிற இடம்தான் இருக்கிறது என்றால் செங்கல் சாயலுள்ள சிவப்பைக் கேளுங்கள். விளக்கு 3000 கெல்வின் மஞ்சள் சாயலில் இருக்கட்டும், வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு செத்துவிடும்.

தண்ணீர் விட்டு வீடு கழுவுகிற பழக்கம் நமக்கு உண்டு, எம்.டி.எஃப். ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஊதிவிடும். அதனால் பொருளை 4 அங்குலமாவது ஸ்டீல் காலில் தூக்கி வையுங்கள். துடைக்கச் சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் நல்லது. உப்புத் தண்ணீர் என்றால் காயவிடாமல் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வளையமாக நின்றுவிடும். பி.யு. பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வது சிரமம், முழுப் பலகையையும் திரும்ப அடிக்க வேண்டி வரும். வேலை முடிகிற அன்றே பெயிண்டின் கம்பெனியையும் ஷேடு நம்பரையும் கேட்டு, அலமாரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.