16,500 ரூபாய் டெஸ்ட்டும் ஒரு வெள்ளைத்தாளும்

எனக்கு 36 வயது, இது இரண்டாவது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்ததை எல்லாம் எடுத்தோம், எதற்கு என்று கேட்கவில்லை. இந்த முறை 12 வாரத்தில் மதுரையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்கு என்டி ஸ்கேன் (பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரை அளப்பது), டபுள் மார்க்கர் (குரோமோசோம் கோளாறுக்கான ரிஸ்க் பார்க்கும் ரத்த டெஸ்ட்) இரண்டுக்கும் போனோம். குறையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

ஸ்கேன் எடுத்த விதத்தில் குறை இல்லை. பிள்ளை முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. “ஜூஸ் குடிச்சிட்டு கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா” என்று இரண்டு தடவை அனுப்பினார்கள், முகம் சுளிக்காமல். மூன்றாவது தடவைதான் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் அளவு கிடைத்தது. 1.6 மில்லிமீட்டர், மூக்கெலும்பும் தெரிகிறது என்றார்கள்.

ரத்த ரிப்போர்ட் வந்த விதத்துக்குத்தான் கோபம். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப். டவுன் சிண்ட்ரோம் (21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறை) 480-ல் 1, மஞ்சள் கட்டத்துக்குள் ‘நடுத்தர ரிஸ்க்’, கீழே ‘என்ஐபிடி பரிந்துரைக்கப்படுகிறது’ (அம்மாவின் ரத்தத்தில் பார்க்கும் இன்னொரு டெஸ்ட், 16,500 ரூபாய்). அவ்வளவுதான். போன் பண்ணினால் எடுக்க ஆள் இல்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை அதே சென்டரில் மரபணு ஆலோசகர் என்று ஒருவர் இருப்பது தெரிந்தது. கட்டணம் 800 ரூபாய். அத்தையும் கூட வந்தார்கள்.

அந்த அம்மா முதலில் எண்ணைப் பிரித்துச் சொன்னார். “பஸ்ஸுக்கு 60 பேர்னு எட்டு பஸ் நிறைய உங்களை மாதிரியே ரிசல்ட் வந்தவங்க. அதுல ஒருத்தர் பிள்ளைக்குத்தான் டவுன் இருக்கும்.” வயதை மட்டும் வைத்துப் பார்த்தாலே 35-ல் ஏறத்தாழ 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று என்றார். ராத்திரியே இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வம்சம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நான் கட்டியது அத்தை மகனை. வீட்டுக்காரர் கூடப் பிறந்த மதினி கட்டியது தாய்மாமனை, அதாவது என் சித்தப்பாவை. தாள் கோலம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்குப் பொறுக்கவில்லை: “சொந்தத்துக்குள்ளதானே எடுத்தோம், அதுக்கு இப்ப என்னங்க?”

மதினி மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். அந்த 16,500 ரூபாய் டெஸ்ட்டில் அது தெரியும் என்றும் நினைத்திருந்தோம். தெரியாதாம். அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை எடுத்து, 21, 18, 13 போன்ற குரோமோசோம்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். சொந்தக் கல்யாணத்தில் வருவது பெரும்பாலும் வேறு வகை: தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுக் கோளாறு பிள்ளையிடம் சேர்வது. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும், அத்தை மகன் மாமன் மகள் என்றால் இன்னும் இரண்டு மூன்று கூடலாம். “முதல்ல அந்தப் பையனுக்கு டெஸ்ட் பண்ணுங்க. எந்த மரபணுன்னு தெரிஞ்சாத்தான் உங்க ரெண்டு பேருக்கும் அதைத் தேட முடியும்.”

(அந்தப் பையனுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கேட்கும் கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷன் ஆகி, இப்போது ஐந்தாவது படிக்கிறான். வாய் ஓயாது.)

என்ஐபிடி எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ அந்த ஆலோசகர் சொல்லவே இல்லை. ஒன்றுதான் கேட்டார்: “ஹை ரிஸ்க்னு வந்தா பனிக்குட நீர் எடுத்து உறுதி பண்ணுவீங்களா?” ஆமாம் என்றேன் நான். வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். ஒரே நேரத்தில். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு நாள் பேச்சு. “தெரிஞ்சு என்ன செய்யப்போறோம்?” என்பது அவர் கட்சி. தெரிந்தால் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கலைக்க வேண்டும் என்று இருவருமே நினைக்கவில்லை. அது தெளிவான பிறகு அவருக்குப் பயம் குறைந்தது. திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தோம்.

பத்து நாளில் ‘லோ ரிஸ்க்’ என்று வந்தது, இந்த முறை போன் பண்ணிச் சொன்னார்கள். ஆணா பெண்ணா என்பது ரிப்போர்ட்டில் இருக்காது, சட்டப்படி சொல்லவும் கூடாது. அத்தை மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அந்த ஆலோசகருக்காக நாலு ஸ்டார். ராத்திரி பிடிஎஃப்புக்கு ஒன்று குறைத்தேன். அடுத்த வாரம் மதினி மகனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம். போகிறவர்கள் காலை எட்டரைக்கே டோக்கன் போட்டுவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் உட்கார நாற்காலி கிடைக்காது.