நாலரை வருடம் தாங்கிய போன் கண்ணாடி

போன மாதம்தான் என் போனின் முன்பக்கக் கண்ணாடியை மாற்றினேன். வாங்கி நாலரை வருடம் ஆகிறது. பின்பக்கம் ஒரு ரப்பர் கவர் போட்டிருந்தேன், முன்னால் எதுவும் ஒட்டவில்லை.

முதல் மூன்று வருடம் அந்தக் கண்ணாடி காட்டிய உறுதி எனக்கு இன்னும் வியப்புதான். ஸ்கூட்டரில் போகும்போது சட்டைப் பையிலிருந்து தார் ரோட்டில் விழுந்தது. மாடிப்படியில் நாலைந்து படி உருண்டது. சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தது. கோடு கூட விழவில்லை.

அப்புறம் ஒரு நாள் மகளோடு கடற்கரைக்குப் போனேன். பையில் மணல் இருந்ததைக் கவனிக்காமல் போனைப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். ஏழு மாதம் கழித்து சோபாவிலிருந்து, முழங்கால் உயரம்கூட இருக்காது, தரையில் விழுந்தது. அந்தக் கீறலில் தொடங்கிய விரிசல் மறு ஓரம் வரை ஓடியது.

ரோட்டில் விழுந்து பிழைத்த கண்ணாடி சோபாவிலிருந்து விழுந்து உடைவானேன்? தேடிப் படித்தபோது விடை கண்ணாடியின் மேல்தோலில் இருந்தது. சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு வலைதான் இந்தக் கண்ணாடி. அதன் இடுக்குகளில் சோடியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள சோடியம் அணுக்கள், உட்கார்ந்திருக்கும். வெட்டி, ஓரம் தேய்த்து முடித்த கண்ணாடியைச் சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் மணிக்கணக்கில் முக்கி வைக்கிறார்கள். மேற்பரப்பில் உள்ள சோடியம் வெளியேற, அதே இடத்தில் பொட்டாசியம் வந்து உட்காருகிறது. சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம் (அணுக்களை அளக்கும் மிகச் சிறிய அலகு), பொட்டாசியத்துக்கு 1.38. மூன்று பேர் சீட்டில் நடுவில் இருந்த பையன் எழுந்துபோக, அங்கே பருமனான ஒருவர் வந்து அமர்ந்தால் எப்படி? அந்த நெருக்கடி மேற்பரப்பு முழுவதும் நிரந்தரமாக இருக்கிறது.

400 டிகிரியோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. சூட்டை ரொம்ப ஏற்றினால் வலை தளர்ந்து, வந்தவருக்கு இடம் விட்டுக்கொடுத்துவிடும். நெருக்கடி போய்விட்டால் பலமும் போய்விடும்.

கண்ணாடி உடைவது விரிசல் வாய் திறப்பதால்தான். மேற்பரப்பு இறுகியிருக்கும் வரை சின்ன விரிசல் வாய் திறக்காது. சூடாக்கிக் காற்றடித்துக் குளிர்விக்கும் சாதாரண டெம்பர்டு கண்ணாடியில் இந்த இறுக்கம், அழுத்தத்தை அளக்கும் அலகில், ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல். அயனி மாற்றிய கண்ணாடியில் 700, 800 வரை போகும். ஆனால் அந்த அடுக்கின் ஆழம் பல கண்ணாடிகளில் 40 மைக்ரான் அளவுதான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெளியே இருக்கும் இறுக்கத்துக்கு ஈடாக உள்ளே இழுவிசை இருக்கிறது. கீறல் அந்த அடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், பிறகு சின்ன அதிர்ச்சியே போதும். சாவியின் உலோகத்தால் கண்ணாடியைக் கீற முடியவில்லை. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, அது கீறிவிட்டது.

கீறல் விழுந்த சமயத்தில் கடைக்காரத் தம்பி ஒருவர், "பாலிஷ் போட்டா போயிடும்ணே" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது நினைத்தால் வேண்டாம் என்றது சரிதான். கீறல் மறையும் அளவுக்குத் தேய்த்தால் அந்த மெல்லிய அடுக்கும் சேர்ந்து போயிருக்கும்.

இது நேற்று வந்த தொழில்நுட்பமும் இல்லை. கார்னிங் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனம் 1962-லேயே கெம்கார் என்ற பெயரில் இத்தகைய கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. பெரிய சந்தை கிடைக்காமல் கிடந்த அந்த அனுபவம், 2007-ல் ஐபோன் வந்தபோதுதான் பயன்பட்டது.

மாற்றுக் கண்ணாடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அயனி மாற்றியதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. அயனி மாறிய அடுக்கின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண்) மாறிவிடுவதால், தொழிற்சாலைகளில் ஒளியைச் செலுத்தி இறுக்கத்தை அளக்கிறார்கள். கடையில் அதற்கு வழியில்லை. அதனால் விலை கூடினாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றினேன்.

இந்த முறை மேலே ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டியிருக்கிறேன். விழுவதற்காக இல்லை, மணலுக்காக. கடற்கரைக்குப் போனால் போன் தனிப் பையில். திரையில் மணல் பட்டால் துணியால் துடைப்பதில்லை, முதலில் ஊதிவிடுகிறேன். மகளும் இப்போது அப்படித்தான் செய்கிறாள்.