'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது': வீட்டு ஃபைபர் இணைப்பு, சில வருட அனுபவம்

தென்காசியில் புது வீடு கட்டிக் குடிபோகும் நண்பன், நான் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கும் நிறுவனத்திலேயே போனும் இணையமும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறான். மாதக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்களாம். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு நிறுவன இணைப்பு வைத்திருக்கும் என் சொந்தக்காரர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிப் புலம்புகிறார்கள்.

வேகத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. சொன்ன வேகம் வருகிறது, பில்லில் தில்லுமுல்லு கிடையாது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இதைவிட நிலையாக ஓடும் இணைப்பை நான் பார்த்ததில்லை.

போன்தான் நான் எதிர்பாராத சந்தோஷம். அம்மாவுக்கு செல்போன் பேச்சு சரியாகக் கேட்காது. இந்த லேண்ட்லைனில் மதுரையில் இருக்கும் சித்தி பேசுவது பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரித் தெளிவாகக் கேட்கிறது என்று அம்மாவே சொன்னார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் போன் அம்மாவுடையது. உறவில் எல்லோரிடமும் அந்த எண்தான் இருக்கிறது. நம் நாட்டில் செல்போன் எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றிக்கொள்ளலாம். லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. நிறுவனத்தை விட்டால் எண்ணும் போய்விடும். நண்பன் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இணைப்பு விற்க வருகிறவர்கள் சொல்லாதது. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாக வந்துவிடும். ஊரே இருட்டாக இருந்தாலும் போன் வேலை செய்யும். ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் வருவது வெறும் ஒளி. அதைப் பேச்சாக மாற்றித் தருவது வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி பெட்டி. அதற்கு நம் வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் போனும் போய்விடும். 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாங்கும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் அது கட்டாயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நல்லதெல்லாம் இணைப்பு வேலை செய்யும் வரைக்கும்தான். பழுதானால் என்ன நடக்கிறது என்பதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது.

ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை. உதவி எண்ணைக் கூப்பிட்டால், பதிவு செய்த குரல் நம்மை மெனு மெனுவாக அழைத்துப் போகிறது. புதுத் திட்டம் வேண்டுமா, பில் கட்ட வேண்டுமா, எங்கள் செயலியைத் தரவிறக்கம் செய்தீர்களா. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த புகார் தீர்வு விதிகளில் இதற்கு ஒரு வரிசையே இருக்கிறது: முதல் படியில் மொழித் தேர்வு, இரண்டாம் படியில் புகாரின் வகை, மூன்றாம் படியில் ஆளோடு பேசும் வசதி. நூறு அழைப்புகளில் 95-ஐ 90 விநாடிக்குள் ஆள் எடுத்துப் பேச வேண்டும் என்றும் தர விதி உண்டு. நடைமுறையில் ஆளோடு பேசுவதற்கான அந்த எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. எழுபது வயதைக் கடந்த ஒருவரால் அந்த மெனுவைத் தாண்டி வரவே முடியாது. அம்மா முயன்று பார்த்துவிட்டு ரிசீவரை வைத்துவிட்டார்கள்.

ஆள் வந்த பிறகு முதல் கேள்வி: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" பண்ணியாயிற்று, எல்ஓஎஸ் சிவப்பு என்று சொன்னாலும் மறுபடி பண்ணச் சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. முன்னால் இருக்கும் திரையில் வருவதைத்தான் கேட்கிறார்கள். நம் பெட்டிக்கு எவ்வளவு ஒளி வருகிறது என்பதை நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே பார்க்க முடியும். "அவங்களுக்கு அந்த ஸ்க்ரீனே குடுக்கல அண்ணாச்சி" என்று எங்கள் பகுதிக்குப் பழுது பார்க்க வரும் தம்பி சொன்னான். பதில் சொல்ல உட்கார வைத்தவர்களுக்குப் பார்க்கக் கண் கொடுக்காதது யாருடைய முடிவோ, அவர்கள் மீதுதான் என் கோபம்.

அப்புறம் ஒரு புகார் எண் வரும். சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள் காலையில், ஒரு எஸ்எம்எஸ்: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." நிமிர்ந்து பார்த்தால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. நோயாளி கட்டிலில் படுத்திருக்கும்போதே டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி முடித்துவிடுகிறார்கள்.

ஒருமுறை நடந்திருந்தால் தவறுதல் என்று விட்டிருப்பேன். ஏறக்குறைய ஒவ்வொரு பழுதுக்கும் இது நடக்கிறது. மறுபடி கூப்பிட்டுச் சொன்னால், "சாரி சார், புதுசா ஒரு கம்ப்ளைன்ட் ரெய்ஸ் பண்றேன்" என்கிறார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய புகாரைத் திறந்தால் பழுது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது கணக்கில் நிற்கும். புது எண் போட்டால் கடிகாரம் முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஒரு வாரம் செத்துக் கிடந்த போன், அவர்கள் ஏட்டில் ஒரே நாளில் தீர்ந்த பல பழுதுகளாகப் பதிவாகும். பழுது நாள்கணக்கில் நீண்டால் இணைப்பின் மாத வாடகையில் கழித்துத் தர வேண்டும் என்ற விதியும் இதில் அடிபட்டுப் போகிறது. ஏன் இப்படி என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன். வேலை செய்வது ஒப்பந்தக்காரரின் ஆட்களாம். குறித்த நேரம் தாண்டினால் ஒப்பந்தக்காரருக்குப் பிடித்தம். அதனால் நேரம் முடிகிற சமயத்தில் யாரோ ஒருவர் மூடிவிடுகிறார். "நான் மூடல அண்ணாச்சி, எனக்கே மெசேஜ் வந்தாத்தான் தெரியும்" என்றான். அவன் சொன்னதை நான் நம்புகிறேன்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நியாயமாக எழுதியதாகாது. போன ஐப்பசி மழையில் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. முழுதாகச் செத்தால்கூடப் புகார் செய்யலாம், இப்படி விட்டு விட்டு வருவதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. அவன் வந்ததும் முதலில் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரைச் செருகினான். அளவு டிபிஎம் கணக்கில் வரும், மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட ஒளி குறைவு. எங்கள் வீட்டுக்கு இணைப்பு கொடுத்த அன்று மைனஸ் 19 டிபிஎம் இருந்தது. அன்று மைனஸ் 28 காட்டியது. மைனஸ் 27 வாக்கில் வந்துவிட்டாலே பெரும்பாலான பெட்டிகள் தடுமாறும். பெட்டியில் செருகியிருந்த கேபிளின் பச்சை முனையைக் கழற்றி ஆல்கஹாலில் துடைத்தான், ஒன்றரைப் புள்ளி ஏறியது. அதோடு திருப்தியடைந்து போயிருக்கலாம். போகவில்லை. சுவரோடு வந்த கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வாசல்வரை போனான். ஜன்னல் கதவு மூடும் இடத்தில் கேபிள் நசுங்கி மடங்கியிருந்தது. ஃபைபர் மழைக்கு அஞ்சாது, மடிப்புக்குத்தான் அஞ்சும். மழை என்பதால் நாங்கள் ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருக்கிறோம், அதனால் ஒளி கசிந்திருக்கிறது. "மழை விட்டா ஜன்னலத் திறப்பீங்க, சரியாயிடும், மறுபடி மழ வந்தா மறுபடி போகும்" என்று சிரித்தான். அந்தத் துண்டை வெட்டி எறிந்து, புதுக் கேபிள் இழுத்து, ஜன்னலைச் சுற்றி அகலமாக வளைத்து ஆணி அடித்தான். மீட்டரில் மைனஸ் 19 வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது அம்மாவிடம், "ஆச்சி, ஒரு போன் போட்டுப் பாருங்க, நான் இருக்கேன்" என்று நின்று, சித்தியிடம் பேச வைத்துவிட்டுத்தான் போனான். இவ்வளவு நல்ல கைவேலைக்காரனை வைத்திருக்கும் நிறுவனம், அவன் வந்து தொடுவதற்கு முன்பே வேலை முடிந்தது என்று ஊருக்குச் செய்தி அனுப்புகிறது.

சரி, வழி என்ன? டிராயிடமே புகார் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் எடுத்து விசாரிப்பதில்லை. 2012 விதிப்படி, புகார் மையத்தில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், மின்னஞ்சலே போதும். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்ல இருவர் குழு உண்டு. அதில் ஒருவர் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். புகார் எண்ணை அவர்கள் நமக்குத் தந்தே ஆக வேண்டும் என்பதும் விதி. அந்த எண்தான் நம் ஆதாரம்.

நான் அனுப்பினேன். நீளமாக ஆத்திரத்தைக் கொட்டவில்லை. வரிசையாகப் புகார் எண்கள், ஒவ்வொன்றும் மூடப்பட்ட நேரம், அதே நேரத்தில் எல்ஓஎஸ் சிவப்பாக இருந்ததற்குப் படம், அவ்வளவுதான். இவை எல்லாம் ஒரே பழுது, ஒரே புகாராகக் கணக்கிட்டு வாடகையைக் கழியுங்கள் என்று கேட்டேன். பதில் வந்தது. அடுத்த பில்லில் தொகை கழிந்தது. ஒரு அதிகாரி நேரடியாகக் கூப்பிட்டு மரியாதையாகவே பேசினார். இந்தப் படி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதையும் மதிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிச் சேவை குறித்த புகாரை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

இவ்வளவும் கூட்டிக் கழித்தால் நல்ல மதிப்பெண் போட வேண்டும். வேகம் நன்று, குரல் நன்று, களத்தில் வருகிறவன் தங்கம், மேல்முறையீடு பலித்தது. ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் எடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன வாரம் சாலையில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது கேபிள் அறுந்தது. அது யார் குற்றமும் இல்லை என்று விட்டுவிடலாம். புகார் பதிந்தேன், இரவு "தீர்க்கப்பட்டது" என்று வந்தது. போன் செத்தேதான் கிடந்தது. அன்றிரவு சங்கரன்கோவிலில் என் பெரிய மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுப் போனுக்கு விடாமல் அடித்திருக்கிறார்கள். என் செல் எண் அங்கே யாரிடமும் இல்லை. அம்மாவுக்கு மறுநாள் மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. மாமா இப்போது தேறிவிட்டார். ஆனால் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரவில் தான் டிவி பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்து அம்மா அழுதது என் கண்முன்னாலேயே நிற்கிறது. கேபிள் அறுந்திருக்கிறது, இரண்டு நாளாகும் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், காலையிலேயே எல்லோருக்கும் என் எண்ணைக் கொடுத்திருப்பேன். பழுதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். சரியாகிவிட்டது என்று சொல்லப்பட்ட பொய்யைப் பொறுக்க முடியவில்லை.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: எடுக்காதே. உன் அப்பா அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறார்கள், அவர்களுக்கு இது வேண்டாம். நான் விடாமல் வைத்திருப்பது அம்மாவின் எண்ணுக்காகவும், அந்தத் தம்பி இருக்கும் தைரியத்திலும். தென்காசியில் உனக்கு அப்படி ஒருவன் கிடைப்பான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாய் என்றால், பெட்டி மாட்ட வருகிறவரைப் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லி, அந்த அளவை ஓஎன்டியின் முதுகிலேயே மார்க்கரில் எழுதிவை. மேல்முறையீட்டு அதிகாரியின் மின்னஞ்சலை அன்றைக்கே தேடி எடுத்து, உறவினர்களுக்கு உன் செல் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடு.