ஆற்றோரத் தடமும் மலைக்காட்டுத் தடமும்: ஒரே ஹார்டுடெயிலில் பல மழைக்காலங்கள்

மலைச் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர், வண்டி எத்தனை கிலோ என்றுதான். ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் அதையொட்டிய காட்டுச் சரிவுகளிலும் ஒரே வண்டியைப் பல வருடங்கள் ஓட்டிய பிறகு, என் முதல் கேள்வி மாறிவிட்டது. ஈரத்தையும் மணலையும் இது எவ்வளவு நாள் தாங்கும்? நான் இதுவரை மாற்றிய பாகங்களில் அடிபட்டு உடைந்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவை நனைந்த மணல் அரைத்துத் தின்றவை. இந்தத் தடங்களில் எதை வாங்குவது, எப்போது போவது, எந்த வேகத்தில் இறங்குவது என்று எல்லாவற்றையும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

வண்டி அலுமினியச் சட்டம் கொண்ட ஹார்டுடெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத வகை. முன்னால் 120 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க், 29 அங்குலச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பெடல் பக்கம் ஒரே பல்சக்கரம், பின்னால் 12 கியர். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் வண்டி விற்கின்றன, அதனால் பிராண்டைவிட பாகங்களின் தன்மையைப் பற்றிப் பேசுவதுதான் பயன்படும்.

முதலில் தடங்கள். ஆற்றோரத் தடம் வரைபடத்தில் சமதளமாகத் தெரியும், ஆனால் கால்களை நன்றாக வேலை வாங்கும். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் காய்ந்திருந்தால் தார்ச்சாலை போல ஓடும். நனைந்திருந்தால் டயரைப் பிடித்து இழுக்கும். இடையிடையே உருண்டைக் கூழாங்கல் படுகை வரும். அதில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் திரும்பும். உடலைப் பின்னுக்குத் தள்ளி, கையைத் தளர்த்தி, ஒரே சீராகப் பெடல் போட்டால் வண்டி தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ஆற்றங்கரை மரங்களின் வேர்கள் தனிப் பாடம். பட்டை உரிந்த ஈர வேரில் எந்த டயரும் பிடிக்காது. வேரை நேர்க்குறுக்காக, பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். பிரேக்கும் திருப்பமும் வேருக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

மலைச்சரிவுத் தடத்தில் மண் வேறு, வடிகாலும் வேறு. நன்றாக வெட்டிய ஒரு சரிவுத் தடம் பெரிய மழைக்கு அடுத்த நாளே ஓட்டத் தயாராக இருக்கும். மோசமாக வெட்டியது ஒரே பருவத்தில் ஓடையாக மாறிவிடும். தடம் அமைப்பவர்கள் பின்பற்றும் ஒரு எளிய கணக்கு இதற்குக் காரணம். தடத்தின் ஏற்றம், அது போகும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் தடம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல் தடத்தோடு சேர்ந்து கீழே ஓட ஆரம்பிக்கும், மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். கூடவே, தடத்தின் பரப்பைப் பள்ளத்தின் பக்கமாக ஏறத்தாழ 5 சதவீதம் சாய்த்து வெட்டுவார்கள். சற்று தூரத்துக்கு ஒருமுறை இறக்கத்தின் நடுவே ஒரு சின்ன ஏற்றத்தை வைப்பார்கள். தண்ணீர் அந்த இடத்தில் வெளியேறிவிடும். ஓட்டுகிறவருக்கு அதே இடம் அழகான ஒரு மேடு-பள்ள அலையாகக் கிடைக்கிறது. 1988இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் இந்த முறைகளைப் பரவலாக்கியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தத் தடத்திலும் என் கண் முதலில் போவது தண்ணீர் எங்கே வெளியேறுகிறது என்பதற்குத்தான். வழுக்கும் இடங்களை முன்கூட்டியே ஊகிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, பாகங்களுக்கு வருவோம். செலவு செய்தால் உடனே பலன் தெரிவது டயரில். டியூபை எடுத்துவிட்டு சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றிய டியூப்லெஸ் அமைப்புக்கு மாறியது இந்த வண்டிக்கு நடந்த மிகப் பெரிய முன்னேற்றம். பலர் இதைப் பஞ்சர் பயத்துக்காகச் செய்கிறார்கள். முள் குத்தினால் ஓட்டை தானே அடைபடுவது நல்லதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பலன் காற்றழுத்தத்தைக் குறைக்க முடிவது. டியூப் இருக்கும்போது காற்றைக் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். டியூபே இல்லாதபோது அந்தத் தொல்லை இல்லை. 2.4 அங்குல டயரில், சுமார் 70 கிலோ எடைக்கு, முன்னால் 20 பிஎஸ்ஐ, பின்னால் 23 அல்லது 24 வைத்து ஓட்டுகிறேன். டயர் வேரின் மேல் வளைந்து உட்கார்ந்து போகிறது. கூழாங்கல் படுகையில் வண்டி துள்ளுவது பாதியாகக் குறைந்தது போல உணர்ந்தேன். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டிக்கு டயர்தான் சஸ்பென்ஷன்.

முன்னால் உயரமான, இடைவெளி விட்ட குமிழ்களும் மென்மையான ரப்பரும் கொண்ட டயர், பின்னால் குமிழ் தாழ்ந்த, சற்றுக் கடினமான ரப்பர். இந்தக் கலவையில்தான் பல வருடமாக நிற்கிறேன். முன்சக்கரம் வழுக்கினால் விழுவது உறுதி, பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். குமிழ்களுக்கு நடுவே இடைவெளி குறைந்த டயரைக் களிமண் ஓரிரு சுற்றிலேயே நிரப்பி மொழுமொழுவென்று ஆக்கிவிடும். சீலன்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: லேடக்ஸ் கலந்தது எதுவானாலும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் உலர்ந்து உள்ளே ரப்பர்த் தோலாகிவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். சக்கரத்தைக் காதோரம் வைத்து ஆட்டினால் திரவம் சலசலக்க வேண்டும். சத்தம் வரவில்லையா, உடனே ஊற்றுங்கள்.

அடுத்தது பிரேக். 1970களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைப் பகுதியில் பழைய வண்டிகளோடு இறங்கியவர்கள், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்கைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரே இறக்கத்தில் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். இன்று ஒரு விரலால் லீவரைத் தொட்டால் போதும், ஈரத்திலும் வண்டி நிற்கிறது. ஆனாலும் சூடும் மணலும் இன்றும் பிரேக்கின் எதிரிகள்தான்.

பிரேக் பேட் இரண்டு வகை. ரெசின் பேட் மென்மையாக, சத்தமில்லாமல், தொட்டவுடன் பிடிக்கும். ஆனால் மணல் கலந்த ஈரத்தில் கண்முன்னே கரையும். நீளமான ஒரு சேற்றுப் பயணத்திலேயே கண்கூடாகத் தேய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உலோகத்தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேட் நனைந்தால் கத்தும், ஆரம்பத்தில் பிடிப்பும் சற்றுக் குறைவு, ஆனால் ஆற்றோரத் தடத்தில் பல மடங்கு உழைக்கிறது. நீண்ட இறக்கத்திலும் வலுக் குறைவதில்லை. மழைக்காலத்துக்கு எனக்கு வேறு தேர்வே இல்லை. வாங்கும் முன் ரோட்டரை, அதாவது பேட் பிடிக்கும் வட்டத்தட்டை, பாருங்கள். விலை குறைந்த சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும், அவற்றில் சின்டர்டு போட்டால் ரோட்டர் அரைந்துவிடும். ரோட்டரும் தேயும் பொருள்தான். 1.8 மில்லிமீட்டரில் தொடங்கும் ஷிமானோ ரோட்டரை 1.5 ஆனதும் மாற்றிவிட வேண்டும். புதுப் பேட் போட்டதும் நேரே இறக்கத்துக்குப் போக வேண்டாம். ஓரளவு வேகமெடுத்து, முழுசாக நிறுத்தாமல் வேகத்தைக் குறைப்பதை இருபது முறையாவது செய்தால்தான் பேடின் பூச்சு ரோட்டரில் சமமாகப் படியும். கைவிரலில் ஒட்டிய செயின் எண்ணெய் ரோட்டரில் பட்டாலும் பிடிப்பு போய்விடும், அதனால் செயினுக்கு எண்ணெய் விடும் நாளில் ரோட்டரை ஒரு துணியால் மூடிவிடுகிறேன்.

செயினும் கியரும் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஒரே பல்சக்கரம் என்பது சேற்றுத் தடத்துக்கு வரம். சேறு அடைத்துக்கொள்ள, முன்பக்கத்தில் செயினை மாற்றும் டிரெய்லியரே கிடையாது. பின்னால் 10 முதல் 51 பல் வரையிலான கேசட் (பல்சக்கர அடுக்கு) இருந்தால் எந்த ஏற்றமும் உட்கார்ந்தே ஏறலாம். செயின் அளவுகோலை வைத்து 0.5 சதவீதம் நீண்டதும் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் விலை அதிகமான கேசட்டும் சேர்ந்து போகும்.

ஆறு கடக்கும் இடங்களுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறேன். 29 அங்குல ஹார்டுடெயிலில் பெடல் கைகள் சுழலும் அச்சு (பாட்டம் பிராக்கெட்) தரையிலிருந்து ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், ஹப்பின் மையம் 37. தண்ணீர் முழங்காலை நெருங்குகிறது என்றாலே பாட்டம் பிராக்கெட் பேரிங் மூழ்கும். அப்படிப்பட்ட இடத்தில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். ஓடும் தண்ணீரின் வேகம் கரையிலிருந்து பார்ப்பதைவிட அதிகம் என்பதும் நடக்கும்போதுதான் தெரியும். கழுவும்போது அழுத்தக் குழாய் வேண்டாம். அது மணலை சீலைத் தாண்டி பேரிங்குக்குள் தள்ளும். வாளித் தண்ணீர், பிரஷ், துணி போதும். ஃபோர்க்கின் கீழ்க்கால்களைப் பிரித்து எண்ணெய் மாற்ற, ஃபோர்க் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் பல மாடல்களுக்கு 50 மணி நேரம் என்று சொல்கிறது. காய்ந்த தடங்களில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது மிகையாகத் தோன்றலாம். என் ஃபோர்க்கிலிருந்து ஒவ்வொரு முறையும் வெளியே வந்த கருத்த எண்ணெயைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

பலரும் கேட்கிற கேள்வி, பின் சஸ்பென்ஷன் வேண்டாமா? மலை இறக்கத்தில் கல் அதிகம் என்றால் அதன் வசதி உண்மையானதுதான், களைப்பும் குறையும். ஆனால் அந்த வண்டியில் ஷாக்கும், ஒவ்வொரு மூட்டிலும் பேரிங்கும் இருக்கின்றன. ஈரமான பள்ளத்தாக்கில் அவை எல்லாமே பராமரிப்புக் கணக்கில் சேரும். நான் அந்தப் பணத்தை டிராப்பர் போஸ்ட்டுக்குப் போட்டேன். பொத்தானை அழுத்தினால் சீட் இறங்கிவிடும், செங்குத்தான திருப்பங்களில் உடலைத் தாழ்த்தி நகர இடம் கிடைக்கும். அது வந்த பிறகு நான் இறங்கி நடந்துகொண்டிருந்த பல திருப்பங்களை ஓட்டியே கடக்கிறேன்.

எப்போது போகக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மண்ணை அழுத்தினால் டயர்த்தடம் விரல்கணு ஆழத்துக்குப் பதிகிறது என்றால் அன்று திரும்பிவிடுங்கள். அந்தப் பள்ளம் காய்ந்து இறுகி, அடுத்த மழையில் வாய்க்காலாகும். வழியில் குட்டை வந்தால் நடுவில் போக வேண்டும். ஓரமாக ஒதுங்கினால் தடம் அகலமாகிக்கொண்டே போகும், கரையோரச் செடிகள் அழியும். இன்னொன்றை வெகு சிலரே பேசுகிறார்கள்: டயர் சேற்றில் மர நோய்கள் பயணம் செய்கின்றன. ஃபைடோஃப்தோரா என்ற நீர்ப்பூஞ்சை போன்ற உயிரி ஈரமண்ணில் வாழும். கலிஃபோர்னியாவின் ஓக் மரங்களும் நியூசிலாந்தின் கௌரி மரங்களும் இந்த இனத்து நோய்களால் செத்துக்கொண்டிருக்கின்றன. நியூசிலாந்தில் காட்டு வழிகளின் வாசலிலேயே காலணியைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு காட்டில் ஓட்டிய வண்டியை இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோகும் முன் டயரையும் ஷூவையும் சேறு போகத் தேய்த்துக் காயவைப்பது கால் மணி நேர வேலை. அந்த மரங்களின் நிழலுக்காகத்தானே அங்கே போகிறோம்.

இப்போது வண்டியின் நிலை: சட்டமும் ரிம்மும் முதல் நாள் வந்தவையே. டயர், பேட், செயின், பாட்டம் பிராக்கெட் எல்லாம் பல தலைமுறை மாறிவிட்டன. புதிதாக வாங்குகிறவர் என்னிடம் கேட்டால், மரையிட்டு முறுக்கும் பாட்டம் பிராக்கெட் உள்ள சட்டத்தைத் தேடச் சொல்வேன். அழுத்திப் பொருத்தும் வகையைவிட வீட்டிலேயே எளிதாக மாற்றலாம், கிறீச் சத்தமும் குறைவு. பின்னால் 2.5 அங்குல டயருக்கு மேல் சேறு வெளியேற இடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கச் சொல்வேன். எடையில் அரைக் கிலோ கூடினாலும் பரவாயில்லை.

பையில் எப்போதும் இருப்பவை: டயர் ஓட்டையில் செருகும் பிளக், ஒரு டியூப், சிறிய பம்ப், செயின் இணைப்புக் கண்ணி, ஒரு ஜோடி பிரேக் பேட். கடைசியாகச் சொன்னதைப் பலர் எடுத்துப்போவதில்லை. ஈரத் தடத்துக்குப் போகிறீர்கள் என்றால் மற்றதை மறந்தாலும் அதை மறக்க வேண்டாம்.