இரண்டு பழுப்பு ஈபிடிப்பான்கள்: கால்களைப் பாருங்கள்

பனிக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுக்கு வலசை வரும் இரண்டு குட்டிப் பறவைகள் பலரையும் குழப்பும்: ஆசியப் பழுப்பு ஈபிடிப்பான், பழுப்பு மார்பு ஈபிடிப்பான். இரண்டும் ஏறத்தாழ 13 செ.மீ., இரண்டுக்கும் வெளிர் கண்வளையம். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். காட்டின் பச்சை நிழல் சாம்பலையும் பழுப்பாகக் காட்டிவிடும்.

முதலில் கால். ஆசியப் பழுப்புக்குக் கறுப்பு. பழுப்பு மார்புக்கு வெளிறிய தோல்நிறம். எதிர்வெளிச்சத்தில் எல்லாக் கால்களும் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் வெயில் நம் முதுகுப்பக்கம் வருமாறு நகர்ந்து நின்று பாருங்கள். அடுத்து கீழலகு: முன்னதில் அடி மட்டும் மஞ்சள், நுனி கருமை, பின்னதில் முழுவதும் மஞ்சள். பழுப்பு மார்புக்கு வெண்தொண்டைக்குக் கீழே பழுப்புப் பட்டை, வாலில் செம்பழுப்புச் சாயல்.

இருப்பிடமும் உதவும். ஆசியப் பழுப்பு திறந்த கிளையில் அமர்ந்து, பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். பழுப்பு மார்பு அடர்ந்த புதருக்குள், தாழ்வாக, சத்தமில்லாமல் இருக்கும்; அந்திப்பொழுதில்தான் சுறுசுறுப்பு.

பழுப்பு மார்பின் அறிவியல் பெயரில் ‘முத்துயி’ என்று வருவது, இலங்கையில் பறவையியலாளர் லேயார்டிடம் சமையல்காரராக இருந்த முத்துவின் நினைவாக.