ஆர்.என்.ஏ.லேட்டர்: சுண்டெலி ஈரலுக்கு வாங்கலாமா?

ஆர்.என்.ஏ.லேட்டர் என்பது வெட்டிய இழையத்திலுள்ள ஆர்.என்.ஏ. (மரபணு இயங்கும்போது உருவாகும் பிரதி) சிதையாமல் காக்கும் திரவம். இழையத்தை உடனே உறையவைக்கும் திரவ நைதரசன் நினைத்த நேரத்தில் கிடைக்காத மலையக ஆய்வுகூடத்துக்கு இது வாங்கத்தக்கது. அடர்ந்த அமோனியம் சல்பேற்று இழையத்துக்குள் ஊறி, ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியங்களை முடக்கிவிடும். ஊறிய துண்டு 25 பாகை செல்சியஸில் ஒரு கிழமை, 4 பாகையில் ஒரு மாதம் தாங்கும். 37 பாகையில் ஒரு நாள்தான். பேராதனையில் இரவு முழுக்கக் கறண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மலையிலிருந்து கடுகண்ணாவை வழியாக இறங்கி, வெக்கையான கொழும்புக்கு அனுப்பும்போது ஐஸ் பெட்டி கட்டாயம்.

கெடுவது பெரும்பாலும் கத்தியால்தான். துண்டின் தடிப்பு 0.5 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். ஈரல் மடலை முழுசாகப் போட்டால் வெளிப்புறம் இறுகும், நடுப்பகுதி பழுதாகும். 100 மில்லிகிராமுக்கு 1 மில்லிலீற்றர் விடுங்கள். 4 பாகையில் ஓர் இரவு ஊறிய பிறகே மைனஸ் 20 பாகைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே உறைந்த ஈரலை இதில் போட்டுப் பயனில்லை. நுவரெலியாக் குளிரில் போத்தலின் அடியில் உப்புப் படிந்தால் வீச வேண்டாம்; 37 பாகையில் வைத்துக் குலுக்கினால் கரையும். ஈரலில் இருக்கும் வைரசை இது கொல்லும் என்று நம்பிக் கையுறையைக் கழற்றிவிடாதீர்கள்.

திரவம் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது: டி.என்.ஏ.யை அகற்றாது. சுண்டெலி ஹெபடைற்றிஸ் வைரஸ் ஏற்றிய ஈரலில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, பீட்டா (வைரசை எதிர்க்க உடல் சுரக்கும் புரதங்கள்) ஆகியவற்றின் ஆர்.என்.ஏ.யை அளப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்த மரபணுக்களில் இன்ட்ரோன், அதாவது ஆர்.என்.ஏ. முதிரும்போது வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு, கிடையாது; ஆகவே டி.என்.ஏ.யையும் ஆர்.என்.ஏ.யையும் அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. எனவே பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கும் குறுந்துண்டு) எப்படி வடிவமைத்தாலும், எஞ்சிய டி.என்.ஏ.யும் பெருகி, மரபணு தூண்டப்பட்டது போலவே காட்டும். டி.என்.ஏ.யைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியம் இடுங்கள், ஒவ்வொரு மாதிரிக்கும் ரிவர்ஸ் ட்ரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுக்கும் நொதியம்) சேர்க்காத குழாய் ஒன்றும் வையுங்கள்; அதில் பெருகுவது எஞ்சிய டி.என்.ஏ.தான். சி57பிஎல்/6 என்ற ஆய்வுகூட எலியினத்தில், இன்டர்ஃபெரான் தூண்டும் எம்எக்ஸ்1 மரபணு சரியாக வரவில்லை என்று போத்தலைத் திட்ட வேண்டாம்: அந்த இனத்தில் அந்த மரபணுவே பழுது. பதிலாக, இன்டர்ஃபெரான் தூண்டும் வேறு மரபணுக்களான ஐஎஸ்ஜி15, சிஎக்ஸ்சிஎல்10 பாருங்கள்.

ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுக்குமுன் துண்டை ஒற்றுத்தாளில் ஒற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பு கூடவே வரும். ஈரலில் ஆர்.என்.ஏ. நிறைய இருப்பதால் ஆர்.என்.ஏ.யைப் பிடித்துவைக்கும் சிறிய வடிகுழாய்க்கு (கொலம்) 10–15 மில்லிகிராம் போதும், கூடினால் அடைக்கும்.

விலைதான் குறை. ஆய்வுகூடத்திலேயே கலக்கலாம்: நொதியமற்ற நீர் 935 மில்லிலீற்றர், 0.5 மோலார் ஈடிடிஏ 40 மில்லிலீற்றர், 1 மோலார் சோடியம் சித்திரேற்று 25 மில்லிலீற்றர், அமோனியம் சல்பேற்று 700 கிராம். இளஞ்சூட்டில் கரைத்து, சல்பூரிக் அமிலத்தால் பிஎச் 5.2க்குக் கொண்டு வாருங்கள்.